செப்பாங் பந்தயத்தைப் படமெடுக்கப் பெரிய லென்ஸ் தேவையா?

செப்பாங் பந்தயத் தடத்தில் எடுத்த படம் மங்கலாக வந்தால், நம் இளைஞர்கள் பலர் லென்ஸைத்தான் குறை சொல்கிறார்கள். தவணையில் விலையுயர்ந்த லென்ஸ் வாங்கவும் துணிந்துவிடுகிறார்கள். அதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் 15 வளைவுகள் உள்ளன. நேர்ப்பாதையில் மோட்டோ ஜிபி வண்டிகள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். கடைசிக் கொண்டை ஊசி வளைவிலோ வேகம் வெகுவாகக் குறையும். அங்கே சாதாரண 55-250 லென்ஸே கைகொடுக்கும்.

ஷட்டர் வேகம் 1/1000 என்றால் படம் தெளிவாக இருக்கும்; ஆனால் சக்கரம் சுழல்வது தெரியாது, வண்டி நிறுத்தி வைத்ததுபோல் தோன்றும். 1/125-க்கு இறக்கி, காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வண்டியோடு கேமராவையும் நகர்த்த வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் நகர்த்துவதை நிறுத்தக்கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சரியாக அமைந்தால் வண்டி தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். பத்துக்கு ஒன்று தேறினாலே பெரிது.

தொடக்கத்தில் 1/250-ல் பழகலாம். அதற்கு டிக்கெட் வேண்டாம். வீட்டெதிரே சாலையில் போகும் மோட்டார் போதும்.