குரலை அளக்கும் கோல்

மாந்தர்க்கு வாய்த்த பேறுகளுள் குரல் தலையாயது. உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று எழுத்தொலியாய்ப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். அம்மிடற்றினுள் இரு குரல்நாண்கள் உள்ளன. நாம் பேசுங்கால் அவை நொடிக்கு நூறு முறைக்கும் மேலாக அதிர்கின்றன.

எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. எம். சௌந்தரராஜனும் பிறந்த மதுரை மாநகரின் தென்பால் உள்ளது வில்லாபுரம். அங்கு வாழும் ஆசிரியை ஒருவரை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அவர் பாடம் சொல்லத் தொடங்கியதும் கழுத்தை நெரித்தாற்போலக் குரல் இறுகுகிறது. சொல் நடுவே அறுபடுகிறது. ஆயினும் சிரிக்கும்போதும் பாடும்போதும் அத்துணைத் தடை இல்லை. அறியாதார் இதனைப் பாசாங்கு என்பர். பாசாங்கன்று, மூளையின் கட்டளை பிறழ்வதால் குரல்நாண்களை இயக்கும் தசைகள் தாமே இறுகும் நோயே இது.

இந்நோய்க்கு மருந்தாவது ஒரு நஞ்சு! கெட்டுப்போன இறைச்சியில் நுண்ணுயிர் உண்டாக்கும் பாட்டுலினம் நஞ்சே அது. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான கெர்னர் 1822-இல் அதன் தன்மையை விரித்தெழுதினார். அமெரிக்க மருத்துவர் ஆலன் ஸ்காட் அதனை மாறுகண்ணுக்கு மருந்தாக்கி, 1980-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1984-இல் நியூயார்க் மருத்துவர் பிளிட்சர் அதனைக் குரல்வளைத் தசையில் செலுத்தினார். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை அது தடுக்கிறது. இறுகிய தசை தளர்கிறது. நோய் அறவே நீங்குவதில்லை. மூன்று, நான்கு திங்கள் கழிந்தபின் மீண்டும் ஊசி வேண்டும்.

பயன் கிட்டியதா என்பதை எவ்வாறு அறிவது? அதற்குக் கோல்கள் மூன்று உண்டு.

முதற்கோல் செவி. ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே பகுதியைப் படிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்வர். எது முந்தையது, எது பிந்தையது என்று கூறாமலே தேர்ந்தவரைக் கேட்பித்து மதிப்பிடச் செய்வர். கூறிவிட்டால் விருப்பம் தீர்ப்பைச் சாய்த்துவிடும் அன்றோ?

இரண்டாவது கருவி. ஒலியின் நடுக்கத்தையும் முறிவையும் அது எண்ணால் காட்டும். ஆனால், 'ஆ' என நீட்டி ஒலிக்கையில் இந்நோய் பெரும்பாலும் குறைந்தே தோன்றும். ஆதலின் தொடர்ந்த பேச்சையும் அளத்தல் வேண்டும்.

மூன்றாவது நோயாளியின் சொல். 1997-இல் வெளிவந்த குரல் இடர்ப்பாட்டு அளவையில் முப்பது கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் உச்சம் 120. மதிப்பெண் குறையக் குறைய இடரும் குறைந்ததாகும்.

அளக்கும் காலமும் இன்றியமையாதது. ஊசியிட்ட முதல் ஓரிரு வாரங்களில் குரல் காற்றோடு மெலிந்து ஒலிக்கலாம். நீர் பருகுகையில் புரையேறலாம். அன்று மட்டும் அளந்தால் மருந்து கெடுத்தது என்போம். இரண்டாம் திங்களில் மட்டும் அளந்தால் குறையே இல்லை என்போம். பன்முறை அளந்தாலன்றி உண்மை புலப்படாது.

செவியும் கருவியும் 'நன்று' என்று கூறிய பின்னும், அவ்வாசிரியை வகுப்பில் பேச அஞ்சுவாராயின் மருத்துவம் முற்றுப்பெற்றதாகாது. குரலை அளப்போர் அக்குரலுக்குரியவரின் வாழ்வையும் அளத்தல் வேண்டும்.