அடுப்பில் சட்டி இருக்கும்போது
மூத்தோருக்கான தீப்பாதுகாப்புக் குறிப்புகள்

சிங்கப்பூர் வீடுகளில் தீ மூள்வதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன சமையல். சமைக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் நேரும் ஒன்றல்ல இது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சமைத்துப் பழகிய கைகளுக்கும் நேரலாம். பழக்கம் கூடக்கூட, அடுப்பைத் திரும்பிப் பார்க்காமலேயே வேறு வேலைக்குப் போய்விடும் துணிச்சலும் நமக்கு வந்துவிடுகிறது.

எலும்பு சூப் கொதிக்கட்டும் என்று அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு வரவேற்பறையில் உட்காருகிறீர்கள். தொலைபேசி மணி அடிக்கிறது, அல்லது தொலைக்காட்சித் தொடர் தொடங்குகிறது. சளிக்கோ ஒவ்வாமைக்கோ எடுத்துக்கொண்ட மாத்திரையால் கண் அயர்கிறது. இதற்குள் தண்ணீர் வற்றி, சட்டி காய்ந்து, உள்ளே இருப்பது கருகத் தொடங்கிவிடும். வயதாகும்போது மோப்பத் திறனும் குறைவதால், கருகும் வாடை பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்த பிறகே உங்களுக்குத் தெரிய வரலாம்.

எனவே ஒரே ஒரு விதியை மட்டும் கடைப்பிடியுங்கள்: சமையலறையை விட்டு வெளியேறினால் அடுப்பை அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்கப் போகும் ஒரு நிமிடத்திற்கும் இது பொருந்தும். மீண்டும் பற்றவைப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் கொதிக்கவேண்டிய உணவு என்றால், கைத்தொலைபேசியில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பாருங்கள். கரண்டியைக் கையோடு எடுத்துச் செல்வதும் நல்ல வழி. கையில் கரண்டி இருந்தால் அடுப்பு நினைவுக்கு வரும்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால்

வடைக்கோ முறுக்குக்கோ காயவைத்த எண்ணெய் புகையத் தொடங்கினால், அது அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். அப்போதே அடுப்பை அணையுங்கள். மேலும் சூடேறினால், நெருப்பு படாமலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொண்ட எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது அடியில் இறங்கி, அந்த வெப்பத்தில் நொடியில் ஆவியாகிவிடும். ஆவியானதும் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் மேலே தூக்கி எறியப்பட்டு, உங்கள் முகத்திலும் சுவரிலும் தெறிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடுவதும் அதே அளவுக்கு ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது. அடுப்பை அணைக்கும் திருகு கைக்கு எட்டினால், தீயின் மேலாகக் கையை நீட்டாமல் அதை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய உலோக மூடியை உங்கள் பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி மூடுங்கள். காற்று கிடைக்காவிட்டால் தீ அடங்கிவிடும். சட்டி நன்றாக ஆறும்வரை மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். காற்று பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளலாம். இதற்காகவே, பொரிக்கும்போதெல்லாம் ஒரு மூடியை அடுப்பருகே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீ பிடித்த பிறகு அலமாரியில் மூடி தேடிக்கொண்டிருக்க முடியாது. தீ மேலே பரவிவிட்டால் போராடாமல் வெளியேறிவிடுங்கள்.

சமைக்கும்போது சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அடுப்பு வேலைக்குப் பருத்தி ஆடையே நல்லது.

கருகிய பாத்திரத்தை மறைக்காதீர்கள்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிப்பிடித்த பாத்திரத்தை யாருக்கும் தெரியாமல் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவது மூத்தோர் பலரிடம் உள்ள வழக்கம். தெரிந்தால் பிள்ளைகள் “இனிமேல் நீங்கள் சமைக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். தன் கையால் சமைத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் போடுவதை யார்தான் விட்டுக்கொடுப்பார்?

என்றாலும் சொல்லிவிடுங்கள். எப்போதாவது ஒருமுறை மறப்பது எல்லா வயதினருக்கும் உள்ளது. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை நடந்தால், அடுத்தமுறை பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள். தூக்கக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். முதுமைக்கால மறதிநோயின் தொடக்கமாக இருந்தாலும், முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்கே நல்லது.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கருகிய பாத்திரத்தைப் பார்த்ததும் கோபப்பட்டால், அடுத்தமுறை அது உங்கள் கண்ணில் படாது. அம்மாவை அடுப்படியிலிருந்து விலக்குவதற்குமுன், குறித்த நேரத்தில் தானாக நிற்கும் மின்னடுப்பு வாங்கித் தரலாம். பொரியல் வகைகளை வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்திற்கு மாற்றிவைக்கலாம்.

சாமி விளக்கும் மின்கலமும்

சாமி விளக்கைப் பித்தளைத் தட்டின்மேல் வையுங்கள். திரைச்சீலை, நாள்காட்டி, காகித அலங்காரம் எதுவும் அருகில் இருக்க வேண்டாம். வெளியே புறப்படும்போதும் படுக்கப் போகும்போதும் விளக்கைக் குளிரவைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. சாம்பிராணிக் கரியைக் குப்பையில் போடுமுன் தண்ணீர் தெளியுங்கள். சாம்பலுக்கு அடியில் கனல் நெடுநேரம் இருக்கும். குப்பைக்குழாயில் தீப்பிடிக்க அது போதும்.

மின்ஸ்கூட்டர், நடமாட்ட ஸ்கூட்டர் போன்றவற்றின் லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் மிக வேகமாகப் பரவும். இரவில் தூங்கும்போது மின்னேற்றம் செய்யாதீர்கள். வாசற்கதவுக்கு அருகிலும் வேண்டாம், அங்கே தீப்பிடித்தால் நீங்கள் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். உடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். உப்பிய அல்லது அடிபட்ட மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. ரைஸ் குக்கர், மின்கெண்டி போன்ற அதிக மின்சாரம் எடுக்கும் சாதனங்களை ஒரே நீட்டிப்புக் கம்பியில் சேர்த்துச் செருகாமல், சுவரிலுள்ள தனித்தனி மின்செருகுவாயில் இணையுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி

சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல், புதிய வீடுகளிலும் தீப்பாதுகாப்பு தொடர்பான புதுப்பிப்பு வேலை நடக்கும் வீடுகளிலும் இக்கருவி கட்டாயம். நீங்கள் அதற்கு முன்பிருந்தே குடியிருக்கும் பழைய வீட்டில் அது இல்லாமல் இருக்கலாம். ஒன்று வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்காக நாற்காலியில் ஏற வேண்டாம், துடைப்பக் குச்சியின் முனையே போதும். விட்டுவிட்டுக் ‘கீச்’ என்று ஒலித்தால் மின்கலம் தீரப் போகிறது என்று பொருள். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். காது மந்தமானவர்கள், கேட்கும்கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போதும் சத்தம் கேட்கிறதா என்று வீட்டாரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வெளியேறும்போது

தீயைவிடப் புகையே அதிகம் கொல்லும். புகை மேலே எழுவதால் தாழ்வாகச் செல்லுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் சுவரைப் பிடித்தபடி குனிந்து செல்லலாம். தீ பிடித்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டு வழியாக இறங்குங்கள். தாலிக்கொடிக்கோ வங்கிப் புத்தகத்துக்கோ திரும்பி உள்ளே போகாதீர்கள்.

வெளியே உள்ள தாழ்வாரம் புகையால் நிறைந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, சன்னலருகே நின்று உதவி கேளுங்கள்.

வாசலில் காலணி அலமாரியும் பூந்தொட்டியும் பழைய நாளிதழ்களும் அடைத்துக் கிடந்தால் இருட்டில் தடுக்கி விழுவீர்கள். பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். உணவங்காடியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவராக இருந்தால், அங்குள்ள படிக்கட்டுகளை ஒருமுறை நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தீத்தடுப்புக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்க வேண்டாம்.

பாதுகாப்பான இடத்திற்கு வந்ததும் 995 எண்ணை அழைத்து, புளோக் எண், சாலைப் பெயர், வீட்டு எண், எரிவது என்ன, உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். அதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கைத்தொலைபேசியின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

தீக்காயம் பட்டால்

காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, வெண்ணெய், சோயா சாஸ், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். வெப்பம் உள்ளேயே தங்கிவிடும், காயத்தைச் சுத்தம் செய்வதும் கடினமாகும். மோதிரம், வளையல்களை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். முகம், கை, மூட்டுப் பகுதிகளில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்தாலோ, நேராக மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலில் பட்ட சிறு காயத்தையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.