வேஷம், உடைமை, ரகசியம்: மூடித் திறந்த ஒரு நகரத்தைப் பற்றி

2012 நவம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவில் நள்ளிரவு நேரம், ஒரு நகரத்தை மூடினார்கள். பாரகன் சிட்டி என்று அதற்குப் பெயர். நகரமன்றத்துக்கு முன்னால் உருண்டையைத் தாங்கி நிற்கும் அட்லஸ் சிலை. அதன் காலடியில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம். சிலர் கையில் தீப்பந்தம். யாரோ ஒருவர் நீளமாக எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார், முடிக்கவில்லை. சர்வருடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று திரையில் ஒரு வாசகம் வந்தது. இங்கே அப்போது மறுநாள் பகல். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'கேம்தானே' என்பார்கள்.

கேம்தான். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்று 2004 ஏப்ரலில் வந்தது. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, தென்கொரியாவின் என்சிசாஃப்ட் வெளியிட்டது. மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். அமெரிக்கக் காமிக் பத்திரிகைகளில் வருகிற மாதிரி ஒரு வீரனை நீங்களே உருவாக்கி, தெருவில் ரௌடிகளை அடித்து, ஒன்றாம் படியிலிருந்து ஐம்பதாம் படி வரை ஏற வேண்டும். இந்த ஏற்றத்தில் எனக்குப் பெரிய ருசி இருந்ததில்லை. என்னை அங்கே நிறுத்தியது வேறொன்று. வேஷம் கட்டிப் பேசுகிறவர்கள்.

கம்ப்யூட்டர் வழியாகப் பலர் ஒரே கற்பனை இடத்தில் சேர்ந்து உலாவுவது புதிதல்ல. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய 'மட்' என்கிற எழுத்து விளையாட்டிலிருந்து அது தொடங்குகிறது. படம் இல்லை, வெறும் வாக்கியங்கள். பிறகு படம் வந்தது, பணம் வந்தது, நிறுவனங்கள் வந்தன. ஆனால் வேஷக்காரர்கள் அந்த வாக்கியங்களை விடவே இல்லை. பாரகன் சிட்டிக்குப் பல சர்வர்கள், அதாவது ஒரே நகரத்தின் பல பிரதிகள். அவற்றில் 'வர்ச்சு' என்பதை வேஷக்காரர்களின் இடமாக ஆக்கியது நிறுவனம் அல்ல, விளையாடினவர்களே வழக்கத்தில் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். அங்கே 'பாக்கெட் டி' என்று ஒரு நடன அரங்கு. நல்லவர் தரப்பும் கெட்டவர் தரப்பும் வரலாம், சண்டை கூடாது. ராத்திரி முழுக்கப் பேச்சு. அவர்களுக்கு ராத்திரி, எனக்கு விடிகாலை. பால்காரர் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

என் வேஷம் ஒரு கிழட்டுத் தபால்காரன். செத்தவர்களுக்கு வந்த கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பறக்க மாட்டான், தீ கக்க மாட்டான். ஒவ்வொரு வேஷத்துக்கும் வரலாறு எழுத ஒரு பெட்டி உண்டு, சுமார் ஆயிரம் எழுத்து கொள்ளும். அதில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். மிச்சத்தை மற்றவர்கள் பேசிப் பேசி எழுதினார்கள். அவனுக்கு ஒரு கால் விந்து என்பதை ஓர் அந்நியர்தான் கண்டுபிடித்தார். 'மெதுவா நடங்க பெரியவரே, கால் வலிக்கும்' என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அன்றிலிருந்து நொண்டினேன்.

இந்த வேஷக்காரர்களிடம் எழுதப்படாத சட்டங்கள் உண்டு. வேஷத்துக்குள் பேசுவது சாதாரணமாக வரும். வேஷத்தைக் கழற்றிவிட்டு, 'இருங்க, குழந்தை அழுவுது, வந்துர்றேன்' என்று சொல்ல வேண்டுமானால் இரட்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வேஷத்தின் கோபம் ஆளின் கோபம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குறிதான். இன்னொரு சட்டம் இன்னும் முக்கியமானது. நான் கை ஓங்கினேன் என்று நான் எழுதலாம். அடி விழுந்தது என்று எழுதக் கூடாது. விழுந்ததா, விலகினாரா, சிரித்தாரா என்பதை எதிரில் இருப்பவர்தான் எழுத வேண்டும். இதை மீறுகிறவனோடு யாரும் பேச மாட்டார்கள். அபராதம், நீக்கம் ஒன்றும் கிடையாது, மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்விடுவார்கள்.

மற்றமை பற்றி நாம் இந்தப் பக்கங்களில் எத்தனையோ எழுதியாயிற்று. அடுத்தவனின் வாக்கியத்தை நான் எழுதிவிடக் கூடாது என்கிற ஒழுக்கத்தை நான் கூட்டங்களில் கண்டதைவிட அந்த நடன அரங்கில்தான் அதிகம் கண்டேன். (நம் விவாதக் கூட்டங்களில் எதிராளி என்ன சொல்வான் என்பதையும் சேர்த்தே நாம் பேசிவிடுவோம்.) ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரொலான் பார்த்தைச் சொல்லிச் சொல்லியே நாம் ஒரு பத்தாண்டை ஓட்டினோம். இங்கே ஆசிரியன் சாகவில்லை, பலராகப் பெருகியிருந்தான். சாகாமல் உட்கார்ந்திருந்தவன் உரிமையாளன்.

உரிமையாளர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் என்சிசாஃப்ட் மீதும் கிரிப்டிக் மீதும் வழக்குப் போட்டது. விளையாடுகிறவர்கள் தங்கள் வீரர்களைப் போலவே வேஷம் கட்டுகிறார்கள் என்பது புகார். சான்றாகக் கொடுத்த சில உருவங்களை மார்வெல் தரப்பினரே விளையாட்டுக்குள் போய் உருவாக்கியிருந்தது தெரியவந்து, அவை நீக்கப்பட்டன. 2005 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. இரண்டு தரப்பினரும் ஒரு வேஷம் யாருக்குச் சொந்தம் என்று ஓராண்டுக்கு மேல் வாதாடினார்கள். வேஷம் கட்டியவன் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரனே அல்ல.

2012 ஆகஸ்ட் 31 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். மனு, கடிதம், அட்லஸ் சிலையடியில் தீப்பந்த ஊர்வலம் எல்லாம் நடந்தன. எதுவும் ஆகவில்லை. இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதன் அரசியல் பிடிபடாது. ஒரு புத்தகம் அச்சில் இல்லாமல் போனாலும் வாங்கியவன் வீட்டில் இருக்கும். இந்த மாதிரி விளையாட்டில் நம் கம்ப்யூட்டரில் இருப்பது பாதிதான்: தெருக்கள், கட்டடங்கள், உடைகள். யார் எங்கே நிற்கிறார், என்ன சொன்னார், எத்தனையாம் படியில் இருக்கிறார் என்கிற மறுபாதி நிறுவனத்தின் சர்வரில். அதை அணைத்தால் நம்மிடம் மிஞ்சுவது ஆளில்லாத ஊரின் வரைபடம். நாம் காசு கொடுத்து வாங்கியது நுழைவுச் சீட்டு மட்டும்தான்.

ஆளில்லாத அந்த ஊரையும் சிலர் சும்மா விடவில்லை. நம் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய பாதியை வைத்து, 'பாரகன் சாட்' என்று ஒன்றை 2015இல் ரசிகர்கள் செய்தார்கள். சண்டை கிடையாது, எதிரி கிடையாது, படி ஏற முடியாது. நடக்கலாம், பேசலாம். மற்றவர்களுக்கு அது பொம்மை. வேஷக்காரர்களுக்குக் கொஞ்ச காலம் அதுவே வீடு.

2019 ஏப்ரலில் ஒரு செய்தி வெடித்தது. மூல நிரல் எப்போதோ ஒரு சிறு குழுவின் கைக்கு வந்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளாக ரகசியமாக ஒரு சர்வரை நடத்திவந்திருக்கிறார்கள். அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும் அனுமதி, வெளியே மூச்சுவிடக் கூடாது என்று நிபந்தனை. நாங்கள் ஊரில்லை ஊரில்லை என்று துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது ஊர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, எரிச்சல்.

அவர்கள் தரப்பு நியாயம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. பகிரங்கப்படுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரும், இருப்பதும் போய்விடும். காப்பாற்ற வேண்டுமானால் மறைக்க வேண்டும். தலைமறைவு அமைப்புகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானதுதான். அது எங்கே போய் நிற்கும் என்பதும் பழக்கமானதுதான். யார் நம்பகமானவர் என்று தீர்மானிக்கிற அதிகாரம் நாலு பேரிடம் சேர்கிறது. நாளாக ஆக, காப்பாற்றுவதற்காக மறைத்தது, மறைப்பதற்காகவே காப்பாற்றுவதாக ஆகிவிடுகிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது. பழைய இதழ்களின் முழுத் தொகுப்பு எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அவர் இல்லாவிட்டால் அது எடைக்குப் போயிருக்கும், உண்மை. கேட்டால் கொடுக்க மாட்டார், அதுவும் உண்மை. 'ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேங்க' என்றால் தாள் உடையும் என்பார்.

நிறுவனம் செய்ததும் ரகசியக் குழு செய்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் அழித்தார், ஒருவர் பாதுகாத்தார். ஆனால் எதிராளியின் வாக்கியத்தை எழுதாதே என்ற அந்தச் சட்டத்தின்படி பார்த்தால் இரண்டு பேருமே எங்கள் வாக்கியத்தை எழுதினார்கள். இத்தனைக்கும் இரண்டாமவர்கள் எங்களில் ஒருவர்களாக இருந்தவர்கள். அந்தச் சட்டத்தில் ஊறியவர்கள்.

கோபம் கிளம்பிய சில நாட்களிலேயே நிரல் பொதுவில் விடப்பட்டது. பல குழுக்கள் சர்வர்கள் தொடங்கின. பெரியது 'ஹோம்கமிங்'. அதில் வேஷக்காரர்கள் சேர்ந்த இடம் 'எவர்லாஸ்டிங்'. நான் அந்த மே மாதம் போனேன்.

அட்லஸ் சிலை அப்படியே நின்றது. ஆனால் நகரம் திரும்பி வந்ததே ஒழிய ஆட்கள் பட்டியல் திரும்பி வரவில்லை. எல்லோரும் மறுபடி ஒன்றாம் படி. பழைய பெயரை முதலில் வந்தவர் எடுத்துக்கொள்ளலாம். என் தபால்காரனின் பெயரை யாரோ எடுத்துவிட்டிருந்தார். ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டுக்கொண்டு பாக்கெட் டிக்குப் போனேன், அந்தப் பெயர்க்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இளம்பெண் வேஷம், முதுகில் வாள். அடைப்புக்குறிக்குள் கேட்டேன். 2012இல் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம், பழைய நகரத்தைப் பார்த்ததே இல்லையாம். 'பேரு வேணும்னா விட்டுத் தர்றேன்' என்றார். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டால் இந்த ஊருக்கு அவரைவிட நான் மூத்த பாத்தியஸ்தன் என்று ஆகிவிடும், அது எனக்குக் கூச்சமாயிருந்தது.

பழையவர்கள் பலருக்கு அந்தக் கூச்சம் இல்லை. 'வர்ச்சுவில் இப்படிக் கிடையாது' என்பது முதல் சில மாதங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நானும் சொல்லியிருக்கிறேன். செத்துப்போன ஊரின் பெயரால் இருக்கிற ஊரில் நாட்டாமை பண்ணுவது. தபால்காரன் நொண்டுகிறான் என்பதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. வேறு யாரோ அவனுக்குக் காது கேட்காது என்று கண்டுபிடித்தார்கள். இப்போது காது கேட்காது.

2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் ஹோம்கமிங்குக்கு உரிமம் கொடுத்தது. அன்று பெரிய கொண்டாட்டம், ஐந்து வருஷப் பயம் நீங்கியது. விளையாட இப்போதும் காசு கிடையாது, சர்வர் செலவுக்கு மட்டும் நன்கொடை வாங்குகிறார்கள், தேவைப்பட்ட தொகை சேர்ந்ததும் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். நேர்மையான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் உரிமம் என்பது பட்டா அல்ல. புறம்போக்கில் குடியிருந்தவனைக் கூப்பிட்டு, 'இரு, ஆனால் நிலம் என்னுடையதுதான்' என்று எழுதிக்கொடுத்த மாதிரி. நேற்றுவரை எல்லோரும் சமமாகச் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். உரிமம் ஒரு குழுவுக்குக் கிடைத்ததும், அதே நிரலை வைத்து நடந்துகொண்டிருந்த மற்ற சிறிய சர்வர்கள் மட்டும் வெளியே நின்றன. அவர்களைப் பற்றி எங்கள் நடன அரங்கில் பேச்சு குறைந்துபோனதைக் கவனித்தேன்.

இதெல்லாம் காசுள்ளவன் பொழுதுபோக்கு, இதில் என்ன அரசியல் என்று ஒரு தோழர் கேட்டார். மாதம் 15 டாலர் எனக்கு அப்போது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடகை இடத்தில் கட்டிய உறவுகளை இடத்துக்காரன் ஒரே நாளில் கலைக்கலாம் என்பது விளையாட்டோடு நிற்கிற விஷயம் அல்ல. 2024 மார்ச் கடைசியில் யூபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற விளையாட்டின் சர்வரை அணைத்தது. விற்ற விளையாட்டைப் பிறகு விளையாடவே முடியாதபடி ஆக்கக் கூடாது என்று அதையொட்டிக் கிளம்பிய இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகள் சேர்ந்தன. சட்டம் வருமோ வராதோ, கேள்வியாவது நிறுவனத்தின் வாசலைத் தாண்டி வந்துவிட்டது.

என்னிடம் ஒரு சமாச்சாரம் பாக்கி இருக்கிறது. பேசியதை எல்லாம் கோப்பாகச் சேமித்துவைக்க அந்த விளையாட்டில் வசதி உண்டு. 2009 முதல் 2012 வரை வர்ச்சுவில் நான் இருந்த ராத்திரிகள் அத்தனையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. தபால்காரன் முதல்முறை நொண்டியது, சிலையடிக் கூட்டம், கடைசியில் முடியாமல் நின்ற அந்த வாக்கியம். அடைப்புக்குறிக்குள் சிலர் சொன்னவையும் அதில் உண்டு: விவாகரத்து, கீமோதெரபி, வேலை போனது. வேஷத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னவை. சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது, ஒருவர் இறந்துவிட்டார்.

எவர்லாஸ்டிங்கில் ஒருவர் இப்படிப்பட்ட கோப்புகளைச் சேர்த்துப் பழைய ஊருக்கு ஓர் ஆவணக்காப்பகம் மாதிரி செய்துகொண்டிருக்கிறார். என்னிடமும் கேட்டார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், இரண்டு ராத்திரி பார்த்தேன். நீக்கினால் மற்றது பாதி புரியவில்லை. நீக்காமல் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். எட்டு மாதம் ஆகிறது. நடுவில் ஒருமுறை, டிஸ்க் பழசு, எடுத்தால் கெட்டுப்போகும் என்றும் எழுதியிருக்கிறேன்.