ஏரிக்கரைப் பெண்ணுக்கு ஒரு பாய்மரம்

திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, மணல்காட்டையும் ஒட்டகத்தையும் தேடிக்கொண்டு புறப்பட்டீர்களானால் ஏமாந்துதான் போவீர்கள்! பாலை மரங்கள் அடர்ந்த வனமாம். அதனால் வந்த பெயர். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். அதைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி இது.

இயந்திரம் வருவதற்கு முன்னால், இங்கே படகை ஓட்டியவை மீனவரின் தோள் வலியும் காற்றும்தாம். காற்று பின்னாலிருந்து வீசினால் கவலையில்லை. பாயை விரித்துவிட்டால் போதும். எதிர்க்காற்று அடித்தால்? நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து, காற்றை ஏமாற்றித்தான் கரை சேர வேண்டும்.

இந்த வித்தைக்குத்தான் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுக்கிறார்கள்! கணக்கு மட்டும் வேடிக்கையானது. முதலில் வருகிறவருக்கு ஒரு புள்ளி, பத்தாவதாக வருகிறவருக்குப் பத்துப் புள்ளி. பல பந்தயங்கள் நடத்திக் கூட்டிப் பார்த்து, குறைந்த புள்ளி பெற்றவருக்கே தங்கம். கடன் கணக்கைப் போல, குறையக் குறைய நல்லது!

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண்மணி பாய்மரப் படகில் வந்தவர்தாம். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஸ்விட்சர்லாந்தின் எலேன் தெ பூர்த்தலேஸ் சீமாட்டி தம் கணவருடன் ஒரே படகில் ஏறி வென்றார். ஆனால் பெண்களுக்கென்று தனிப் பந்தயம் வைக்க, 1988-ல் ஸியோல் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்ப் பெண்களும் சளைத்தவர்களல்லர். சென்னையின் வர்ஷா கௌதம், சுவேதா ஷெர்வேகருடன் சேர்ந்து 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி பெற்றார். பன்னிரண்டு வயதில், ஒரு கோடை விடுமுறைப் பயிற்சி முகாமில் படகேறிய சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 35-ஆம் இடம். 2024-ல் பாரிஸ் போட்டியில் 21-ஆம் இடம். மூன்றே வருஷத்தில் பதினான்கு படி ஏற்றம்!

இனி, கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்குப் போவோம். அங்கே தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள் நேஹா தாக்கூர், 2023-ல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றபோது வயது பதினேழு. அவர் பயின்றது போபால் நகரத்துப் பெரிய ஏரியில்! ஏரி இருந்தது, பள்ளி இருந்தது, படகும் ஆசிரியரும் கிடைத்தார்கள். அவ்வளவுதான்.

பழவேற்காட்டிலும் ஏரி இருக்கிறது. பல இடங்களில் ஆழம் குறைவு என்பது உண்மை. பறவைகளின் சரணாலயம், மீனவரின் வயிற்றுப்பாடு இரண்டுக்கும் இடைஞ்சல் கூடாது என்பதும் உண்மை. ஆனால் பாய்மரப் படகு புகை கக்குவதில்லை, இரைச்சல் போடுவதில்லை. இங்கே இடம் அமையாவிட்டால், பாய்மரச் சங்கங்கள் இருக்கும் சென்னைத் துறைமுகம் எட்டாத தூரத்திலும் இல்லை.

இந்தக் கரையில் பெண்கள் இறால் தடவிப் பிடிக்கிறார்கள், மீன் விற்கிறார்கள், பனையோலையில் கூடை முடைகிறார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது வீட்டுப் பேச்சாகவே அவர்கள் காதில் விழுந்து கொண்டிருக்கிறது. அந்த வீட்டுச் சிறுமியின் கையில் ஒரு பாய்க்கயிற்றைக் கொடுத்துத்தான் பார்ப்போமே! காற்றுக்கு ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதம் தெரியாது. நமக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?