நானக் பிறந்தது சித்திரையிலா, கார்த்திகையிலா?

சென்ற வாரம் ஜனம்சாகிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். குரு நானக்கின் வாழ்க்கையை அற்புதங்களோடு சேர்த்துச் சொல்லும் பஞ்சாபிக் கதைத் தொகுப்புகள் அவை. ஒன்றுக்கொன்று முரண்படும் பல தொகுப்புகள் உண்டு. அந்த முரண் பளிச்சென்று தெரியும் இடம் அவருடைய பிறந்தநாள்.

உலகம் முழுதும் சீக்கியர்கள் குரு நானக் ஜெயந்தியைக் கார்த்திக் மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் நவம்பரில், கொண்டாடுகிறார்கள். ஆனால் பழைய தொகுப்பான 'புராதன ஜனம்சாகி' அவர் வைசாக (நம் சித்திரை) மாதத்து வளர்பிறைத் திரிதியையில் பிறந்ததாகச் சொல்கிறது. அதாவது 1469 ஏப்ரல் 15. நவம்பருக்கு ஆதாரமாக நிற்பது பாலா ஜனம்சாகி. நானக்கின் கூடவே பயணம் செய்த பாய் பாலா சொல்லச் சொல்ல, இரண்டாம் குரு அங்கத் முன்னிலையில் எழுதப்பட்டதாக அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. கண்ணால் கண்ட சாட்சி என்றால் யார்தான் மறுப்பார்கள்?

மறுத்தவர் ஒரு சீக்கியர். கரம் சிங் என்ற வரலாற்றாளர். பட்டப் படிப்பை முடிக்காமலே கல்லூரியை விட்டு வந்து, கிராமம் கிராமமாக முதியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டுத் தொகுத்தவர். 1910-களின் தொடக்கத்தில் 'கத்தக் கி விசாக்' என்ற நூலை எழுதினார். பிறந்தது கார்த்திகையா, வைசாகமா என்பதே நூலின் கேள்வி. பாலாவின் சாட்சியத்தை அதில் அவர் பிரித்து மேய்ந்தார். சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை 1604-ல் ஏட்டில் எழுதிய பாய் குர்தாஸ், நானக்கின் முக்கியச் சீடர்களைத் தம் பாடலில் பட்டியலிடுகிறார். அதில் பாலா இல்லை. புராதன ஜனம்சாகியிலும் இல்லை. போதாக்குறைக்கு, பாலா நூலின் பழைய பிரதிகள் ஹிந்தால் என்பவரை நானக்குக்கும் மேலாக உயர்த்துகின்றன. ஹிந்தாலோ மூன்றாம் குரு அமர்தாஸின் காலத்தில் சீக்கியச் சமயத்துக்கு வந்தவர். அவர் வழிவந்த பிரிவினரின் கை அந்த நூலில் பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு கணக்கும் உண்டு. 'மஹிமா பிரகாஷ்' என்ற பிற்கால நூல் நானக் வாழ்ந்த காலத்தை 70 ஆண்டு, 5 மாதம், 7 நாள் என்கிறது. அவர் மறைந்த 1539 செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வந்து நிற்பது ஏப்ரல்.

1968-ல் நியூசிலாந்துக்காரரான டபிள்யூ. எச். மெக்லியோட் இதே வழியில் இன்னும் கடுமையாக நடந்தார். ஜனம்சாகிகளின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் சலித்து, உறுதியாகச் சொல்லக்கூடிய வாழ்க்கை வரலாறு மிகச் சில பத்திகளில் அடங்கிவிடும் என்றார். இலங்கையில் சிவநாப மன்னரை நானக் சந்தித்த கதையும் அவர் சல்லடையில் தங்கவில்லை. கிறிஸ்தவ மிஷனரியாகப் பஞ்சாபுக்கு வந்தவர் என்பதால் அவர்மீது சந்தேகம் விழுந்தது இயல்புதான். ஆனால் கரம் சிங்மீது அந்தச் சந்தேகத்தை யார் வீச முடியும்?

மெக்லியோட் விட்ட இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏழைத் தச்சர் லாலோவின் ரொட்டியைப் பிழிந்தால் பாலும், செல்வந்தர் மலிக் பாகோவின் பலகாரத்தைப் பிழிந்தால் ரத்தமும் வடிந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நடந்ததா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மக்கள், உழைத்துச் சாப்பிடுவதையும் சுரண்டிச் சாப்பிடுவதையும் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் இல்லை. ஆகவே கதையையும் காப்பாற்ற வேண்டும், தேதியையும் திருத்த வேண்டும். கேள்வி கேட்டவர்களைத் தண்டிப்பது எதையும் காப்பாற்றாது. ஆதி கிரந்தத்தின் பாட வரலாற்றை ஆராய்ந்த பஷௌரா சிங்கை 1994-ல் சீக்கியர்களின் உயர் சமய பீடமான அகால் தக்த் அழைத்துத் தண்டனை விதித்தது; அந்தக் கதை அடுத்த வாரம்.

பிறந்தநாள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2003-ல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி நானக்ஷாஹி நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பல விழாக்கள் சூரியக் கணக்குக்கு மாறின. நானக் ஜெயந்தி கார்த்திகைப் பௌர்ணமியிலேயே விடப்பட்டது.

(தொடரும்)