பழைய கணினியில் ஜூம்: நேர்முகத்துக்கு முதல் நாளே செய்ய வேண்டியவை



சென்ற ஆண்டு நமது அலுவலகக் கணினியில் ஒரு மாணவி உதவித்தொகை நேர்முகத்துக்கு உட்கார்ந்தார். அவருடைய அத்தா பட்டாசு ஆலைத் தொழிலாளி. வீட்டில் கணினி கிடையாது. காலை பத்து மணிக்கு அழைப்பு. இணைப்பைத் தொட்டதும், 'உங்கள் ஜூம் பழையது, புதுப்பிக்கவும்' என்று திரையில் வந்தது. புதியதை இறக்கி முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. எதிரே இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் பொறுப்பார்கள் என்று இருக்க முடியாது. அந்தப் பிள்ளை மேல் தவறில்லை. ஒருமுறை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று இருந்த எங்கள் மேல்தான் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சிவகாசி அச்சகங்களும் அலுவலகங்களும் கழிக்கும் மேசைக் கணினிகள் நம் பகுதியில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. இந்தப் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. கள்ளப் பிரதி போடுவது பாதுகாப்பும் அல்ல, முறையும் அல்ல. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற திறமூல இயங்குதளங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது; அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

ஜூம் நிறுவும் முறை:

1. செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியைத் திறந்து, கணினி 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் லினக்ஸுக்கு இப்போது ஜூம் வருவதில்லை.

2. ஜூம் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். லினக்ஸ் வகை கேட்டால் உபுண்டு அல்லது மின்ட் என்று தேர்ந்தெடுங்கள். 'டெப்' என்று முடியும் கோப்பு வரும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கோப்பைத் திறக்க வேண்டாம்.

3. கோப்பை இருமுறை அழுத்தினால் நிறுவும் சன்னல் திறக்கும். 'இன்ஸ்டால்' அழுத்தி, கணினியின் கடவுச்சொல்லைக் கொடுங்கள். துணைக் கோப்புகளையும் அது இறக்கக்கூடும் என்பதால் இணையத்தைத் துண்டிக்க வேண்டாம்.

4. மேசைக் கணினியில் பெரும்பாலும் கேமராவும் மைக்கும் இருக்காது. மைக் உள்ள யூஎஸ்பி வெப்கேம் ஒன்று போதும். பெரும்பாலானவை லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். குரல் போகாவிட்டால் செட்டிங்ஸில் 'சவுண்ட்', பிறகு 'இன்புட்' சென்று வெப்கேமின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான்.

5. லினக்ஸின் வழக்கமான புதுப்பிப்போடு ஜூம் சேர்ந்து வராது. புதிய 'டெப்' கோப்பை இறக்கி அதே முறையில் மறுபடி நிறுவ வேண்டும். நாங்கள் தவறியது இதில்தான்.

நிறுவ முடியாவிட்டால் கலங்க வேண்டாம். அழைப்பு இணைப்பைத் திறந்து, 'பிரவுசரில் சேர்' என்பதை அழுத்தினால் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸிலேயே கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். நடத்துபவர் அதை அனுமதித்திருக்க வேண்டும். கூகுள் மீட்டுக்கும் திறமூல மென்பொருளான ஜிட்சி மீட்டுக்கும் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை.

வீட்டிலிருந்தே குடும்பக் கூட்டம் நடத்துவோர் நேரத்தையும் கவனியுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான். வளைகுடாவில் இருக்கும் அத்தாவோடு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது பாதியில் அறுந்துவிடக் கூடாது.

முடிவாக ஒன்று. நேர்முகத்துக்கு முதல் நாள் மாலையே ஜூமைப் புதுப்பித்து, உறவினர் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று அவரையே கேளுங்கள். மின்தடை வந்தால் சேர, அதே இணைப்பைக் கைபேசியிலும் வைத்திருங்கள்.

கணினி இல்லாத பிள்ளைகள் தயங்காமல் முதல் நாளே நமது அலுவலகத்துக்கு வரட்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.