எலும்பைக் கரைக்கும் சிறு சுரப்பி



"வயதாகிவிட்டது ஐயா, எலும்பு நோகத்தான் செய்யும்" என்று, வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது தாய்மார்கள் சொல்வதுண்டு. காரணம் எப்போதும் வயதல்ல.

நம் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகளைத் தேவன் வைத்திருக்கிறார். இரத்தத்தில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று பெருத்து, அளவுக்கு மீறிச் சுரந்தால், எலும்பிலுள்ள சுண்ணாம்பை இரத்தத்துக்கு இழுத்துவிடும். எலும்பு மெலிந்து, லேசாக விழுந்தாலும் முறியும்.

1925-ல் வியன்னாவில் டாக்டர் ஃபீலிக்ஸ் மாண்டல் அத்தகைய சுரப்பியை அகற்றி வழிகாட்டினார். இன்றும் ஆபரேஷனே இதைக் குணமாக்கும்.

இரத்தப் பரிசோதனையே நோயைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் செலவைத் தாங்க முடியாத ஏழைகளுக்கு உங்கள் காணிக்கை உதவுகிறது. அவர்களுக்காக ஜெபியுங்கள்.